ஆம்னி அச்சில் ஒரு மினி டிராக்டர் பெட்டி: சண்முகத்துக்குக் கடிதம்

கோவை

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகள் பாளை விட ஆரம்பித்துவிட்டன என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்ததும் நல்லதாகப் போயிற்று. இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது பேப்பர் படிக்கிறாள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எருவும் தேங்காயும் இழுக்க மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்ட ஒரு பெட்டி (டிரெய்லர்) வேண்டும், புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது, காயலான் கடைச் சாமானில் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய்யலாம். ஆனால் பழசில் எதை வாங்கலாம் என்பதைவிட எதை வாங்கவே கூடாது என்பதில்தான் கவனம் வேண்டும். அச்சு, கமான் (பட்டை ஸ்பிரிங்), சேனல் (ப வடிவ இரும்பு), பலகை எல்லாம் பழசாக இருக்கட்டும். கொக்கி ஊசி (பெட்டியை டிராக்டரோடு இணைப்பது), யூ போல்ட் (கமானை அச்சோடு பிடிப்பது), பிரேக் ஷூ, பிரேக் கேபிள், ஆயில் சீல் ஆகியவை புதுசாகத்தான் இருக்க வேண்டும். மொத்தச் செலவில் இவை சின்னப் பங்குதான். பெட்டி கவிழ்வதும் கழன்று ஓடுவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

முதலில் எடைக் கணக்கு. உன் 15 குதிரைத்திறன் வண்டி தோராயமாக 800 கிலோ இருக்கும். பெட்டியின் சொந்த எடை 250 கிலோ, சுமை 600 கிலோ என்று வைத்துக்கொள். மொத்தம் 850. அதாவது பின்னால் வருவது முன்னால் போவதைவிடக் கனம். மேட்டில் ஏறும்போது என்ஜின் இழுத்துவிடும். இறக்கத்தில் பெட்டி டிராக்டரைத் தள்ளும். அதனால் பெட்டிக்கும் பிரேக் வேண்டும். ஊர்ப் பட்டறையில் "எதுக்குண்ணே அதெல்லாம்" என்பார்கள். நீ விட்டுக்கொடுக்காதே.

பெட்டியை 6 அடிக்கு 4 அடியாக, பக்கப் பலகை 15 அங்குல உயரத்தில் செய்தால் 30 கன அடி கொள்ளும். மக்கிய தொழுவுரம் கன அடிக்கு ஏறக்குறைய 20 கிலோ, ஆக நிரம்ப ஏற்றினாலும் 600 கிலோதான். மணல் கன அடிக்கு 45 கிலோ. நிரப்பினால் 1350 கிலோ ஆகிவிடும், கமான் படுத்துவிடும். உள்பக்கம் தரையிலிருந்து ஆறரை அங்குலத்தில் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடு. மணல், ஜல்லி, ஈரமண் எதுவானாலும் அந்தக் கோட்டோடு நிறுத்தச் சொல். ஏற்றுகிற ஆள் கணக்குப் போட மாட்டான், கோட்டைப் பார்ப்பான்.

அச்சுக்கு மாருதி ஆம்னியின் பின்னச்சைத்தான் சொல்வேன். 1984-இல் வேனாக வந்து 2019 வரை ஓடிய வண்டி, அதனால் சாமானுக்குப் பஞ்சமில்லை. இங்கே உக்கடத்தில் கிடைக்கும், சென்னை என்றால் புதுப்பேட்டை, உனக்குத் திருச்சியோ தஞ்சையோ பக்கம். பின்சக்கரத்தில் ஓடுகிற வண்டி என்பதால் முழு அச்சும் கமானோடு ஒரே துண்டாக வரும். டிரம் பிரேக்கும், கை பிரேக் பொறியும் அதிலேயே இருக்கும். மாருதி 800-இன் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங், அதைப் பெட்டிக்கு ஏற்றபடி பொருத்துவது வீண் வேலை. அச்சை வாங்கும்போது கமான், ஷாக்கிள் (கமானின் ஒரு முனையைத் தாங்கி ஆடும் இணைப்பு), கேபிள் முனைகள், சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்தே கேள். தனித்தனியாகப் போனால் விலை ஏறும், அளவும் பொருந்தாது. கடையில் பில் வாங்கி வைத்துக்கொள். திருட்டு வண்டிச் சாமான் என்று நாளைக்கு யாரும் வந்து நிற்கக் கூடாது.

கடையிலேயே பார்க்க வேண்டியது: இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கச் சொல். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. தளர்வு தெரிந்தால் பேரிங் போய்விட்டது. சுற்றிவிட்டுக் காது கொடு, கரகரவென்று கேட்டாலும் அதேதான். பேரிங் மாற்றிக்கொள்ளலாம், விலையில் குறைத்துக்கொள். ஆனால் அச்சுக் குழாய் வளைந்திருந்தால் தொடாதே. இரண்டு சக்கரத்துக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் டேப்பால் அளந்தால் தெரிந்துவிடும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இங்கே பல பேர் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. "டிஃபரன்ஷியல் எதற்கு, வெறும் கனம்" என்று அச்சின் நடுக்கூட்டுக்குள் இருக்கும் அந்தப் பல்சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியைப் போட்டுவிடுகிறார்கள். அந்த அச்சில் சக்கரத்தின் பக்கம் ஒரே ஒரு பேரிங்தான் உண்டு. ஆக்சில் கம்பியின் உள்முனையைத் தாங்குவது டிஃபரன்ஷியலின் பல்சக்கரம்தான். அதை எடுத்துவிட்டால் கம்பி ஒற்றைப் பேரிங்கில் தொங்கும். சக்கரம் சாய்ந்து ஆடும், முதலில் சீல் போகும், பிறகு எண்ணெய் பிரேக் ஷூவில் இறங்கும், கடைசியில் பேரிங்கே உடையும். அதனால் உள்ளே இருப்பது இருக்கட்டும். என்ஜின் பக்கமிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்டை மட்டும் கழற்று. அது மாட்டியிருந்த வட்டத் தகடு (ஃபிளாஞ்ச்) வெளியே தெரியும், பெட்டி ஓடும்போது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், வைக்கோலும் மட்டையும் சுற்றிக்கொள்ளாமல் ஒரு தகரக் கூடு போட்டுவிடு. பழைய எண்ணெயை வடித்துவிட்டு 80-90 கியர் ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்று. ஹவுசிங் மேலே காற்றுப் போக ஒரு சின்ன மூக்கு இருக்கும், அதில் மண் அடைத்திருந்தால் குத்திவிடு. அடைபட்டால் சூடேறும்போது எண்ணெய் சீல் வழியாக வெளியேறும்.

கமானில் இரண்டு விஷயம். சுமை ஏறும்போது கமான் நீளும். அதற்கு இடம் கொடுக்கத்தான் பின்முனையில் ஷாக்கிள். முன்முனை நிலையாக, பின்முனை ஷாக்கிளில் ஆடும்படி வை. இரண்டு முனையையும் நிலையாக வைத்துவிட்டால் மேல்பட்டை கண்ணுக்குப் பக்கத்திலேயே உடையும். இரண்டாவது, கமான் பட்டையில் வெல்டிங் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. வெல்டிங் பட்ட இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அச்சுக் குழாயிலும் பேரிங் பக்கம் வெல்டிங் வேண்டாம், சூட்டில் குழாய் கோணிவிடும். கமானின் நடு போல்ட்டின் தலை அச்சில் இருக்கும் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு யூ போல்ட்டை முறுக்கு. பழைய யூ போல்ட்டின் மரை நீண்டு போயிருக்கும். இறுகியது போல இருக்கும், பிறகு தளர்ந்துவிடும். ரப்பர் புஷ்ஷில் கிரீஸ் வைக்காதே, ஊறி உப்பிவிடும்.

அச்சு கைக்கு வந்த பிறகுதான் சட்டத்தை வெட்ட வேண்டும். முதுகெலும்பாக ஓடுகிற இரண்டு சேனலும் கமானுக்கு நேர் மேலே உட்கார வேண்டும், அந்த இடைவெளி அச்சிலிருந்துதான் தெரியும். 75-க்கு 40 மி.மீ. சேனல் போதும். புதிதாக மீட்டருக்கு ஏழு கிலோ சொச்சம் இருக்கும். பழசை எடைக்குத்தான் தருவார்கள். துரு மேல்பூச்சாக இருந்தால் பரவாயில்லை. சுத்தியால் தட்டிப் பார், செதில் செதிலாக உதிர்ந்து குழி விழுந்திருந்தால் வேண்டாம். நடுத்தகடு மூன்றரை மி.மீ.க்குக் குறைந்திருந்தாலும் வேண்டாம். குறுக்கே 50-க்கு 50, 6 மி.மீ. ஆங்கிள், ஒன்றரை அடிக்கு ஒன்று.

ஆம்னியின் சக்கர இடைவெளி சின்னது. 4 அடி அகலப் பெட்டி டயருக்கு மேலேதான் வரும், இடையில் அடங்காது. அந்த 12 அங்குலச் சக்கரத்தின் டயர் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய 21 அங்குலம். அதற்கு மேல் 4 அங்குலம் காலி விட்டுக் குறுக்கு ஆங்கிள் வர வேண்டும். இல்லையென்றால் சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது டயர் உரசும். அச்சுக்கு மேலே இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை வைத்துவிடு, லாரி மவுண்டிங் ரப்பரே போதும்.

அச்சை எங்கே வைப்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பெட்டிகள் கெட்டுப்போகின்றன. சரிநடுவில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். முன்பக்கச் சாமானை முதலில் இறக்கியதும் பின்பக்கம் கனத்துக் கொக்கி மேலே எழும்பும். டிராக்டரின் பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், பிடிப்புப் போய்விடும். கொக்கியின் மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கொக்கி ஊசியிலிருந்து பெட்டியின் முன்விளிம்பு வரை 42 அங்குலம், முன்விளிம்பிலிருந்து அச்சு 44 அங்குலம் என்று வை. அதாவது பெட்டியின் நடுவிலிருந்து 8 அங்குலம் பின்னால். 600 கிலோவைப் பரவலாக ஏற்றினால் கொக்கியில் 56 கிலோ இறங்கும், இழுவைக் கம்பியின் சொந்த எடையும் சேர்ந்தால் 85 அளவுக்கு வந்துவிடும். முடித்த பிறகு கொக்கியைத் தேங்காய் நிறுக்கிற மேடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடு. அந்த 42 அங்குலத்தையும் உன் வண்டியில் சரிபார். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் பின்டயர் பெட்டியின் மூலையில் படக் கூடாது. படுமென்றால் இழுவைக் கம்பியை நீட்டிவிட்டு, அச்சின் இடத்தைத் திரும்பக் கணக்குப் போடு.

வெல்டிங் போடுவதற்கு முன் மூலைவிட்டம் அளக்க வேண்டும். நான்கு மூலையிலும் பொட்டு வைத்துவிட்டு எதிரெதிர் மூலைகளை டேப் பிடித்துப் பார். வித்தியாசம் ஒரு நூலுக்கு மேல் இருந்தால் தட்டிச் சரிசெய்துவிட்டுத் திரும்ப அள. பிறகு கொக்கித் துளையின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைக்கும் அளக்க வேண்டும். இது சரியில்லை என்றால் பெட்டி நாய் ஓடுவது போல ஒருச்சாய்ந்து வரும், டயர் ஒரு பக்கம் தேயும். பட்டறைக்காரர் ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை முடித்துவிடப் பார்ப்பார். விடாதே. இங்கே இரண்டு அங்குலம், எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் சட்டம் கோணாது. 3.15 மி.மீ. வெல்டிங் ராட், 6013 ரகம் போதும். சேனலின் கீழ்ப்பட்டையில் குறுக்கே வெல்டிங் ஓட்டக் கூடாது, அந்த இடத்தில்தான் பிற்பாடு விரிசல் தொடங்கும். நீளவாக்கில் ஓட்டச் சொல். துளை போடுவதென்றால் நடுத்தகட்டில் போடு, பட்டையில் போடாதே. கால்வனைஸ் குழாய் ஏதாவது சேர்த்தால் வெல்டிங் போடும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் முலாமைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

இனி பிரேக். ஆம்னியின் கை பிரேக் கேபிள் வழியாகப் பின் டிரம்மில்தான் பிடிக்கும். அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். பெட்டி டிராக்டரைத் தள்ளுகிற அந்தத் தள்ளலே பிரேக்கை இழுக்கும்படி செய்ய வேண்டும். 60-க்கு 60, 4 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாயைச் சட்டத்தின் முன்னால் முக்கோணமாக வரும் இரண்டு சேனலுக்கும் நடுவில் பற்றவை. அதற்குள் 50-க்கு 50, 5 மி.மீ. குழாய் வழுக்கிப் போகும், இரண்டு மி.மீ. தளர்வு இருக்கும். உள்குழாயின் முனையில்தான் கொக்கி வளையம். உள்குழாயில் 40 மி.மீ. ஓடுமாறு நீளத்துளை வெட்டி, வெளிக்குழாய் வழியாக 20 மி.மீ. கனத்தில் 8.8 தர போல்ட் ஒன்றைக் குறுக்கே செருகு. இழுக்கும்போது முழுப் பாரமும் அந்த போல்ட்டில்தான். துளையைச் சுற்றி 6 மி.மீ. தகடு ஒட்டிப் பலப்படுத்த வேண்டும்: வெளிக்குழாய்க்கு வெளிப்பக்கம், உள்குழாய்க்கு உள்பக்கம். மேலே ஒரு கிரீஸ் நிப்பிள்.

டிராக்டர் வேகம் குறைந்ததும் உள்குழாய் பின்னால் நகர்ந்து ஒரு நெம்புகோலைத் தள்ளும். நீளக் கை 100 மி.மீ., குட்டைக் கை 35 மி.மீ. என்றால் குழாயின் 40 மி.மீ. நகர்வு கேபிளில் 14 மி.மீ. இழுப்பாகும், விசை ஏறக்குறைய மூன்று மடங்கு. குட்டைக் கையிலிருந்து ஒரு தராசுக் கட்டையும் அதன் இரு முனையிலிருந்து இரண்டு கேபிளும் போக வேண்டும். கட்டை இல்லாமல் நேராக இரண்டையும் கட்டினால் ஒரு சக்கரம் முந்திப் பிடித்துப் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்முக்குள் ஷூ இடைவெளியைச் சரியாக வைக்காவிட்டால் அந்த 14 மி.மீ.யும் தளர்விலேயே தீர்ந்துபோய்ப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. "இந்தப் பிரேக் வேலை செய்யாது" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பார்க்காதவர்கள்தான். இரண்டு குழாய்க்கும் இடையே ஒரு பழைய ஷாக் அப்சார்பரைப் பொருத்திவிடு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டு குழிக்கும் பிரேக் பிடித்து விட்டு டமார் டமார் என்று அடிக்கும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது டிராக்டர் பெட்டியைத் தள்ளும், உடனே பிரேக் பிடித்துவிடும். அதற்காகக் குழாய் நீட்டிய நிலையில் இரண்டையும் துளைத்து ஒரு பூட்டு ஊசி போட வேண்டும். ரிவர்ஸ் முடிந்ததும் அதை எடுத்தாக வேண்டும், மறந்தால் பிரேக்கே இல்லை. ஊசியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடு. பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கொக்கி ஊசியைப் புதிதாக வாங்கு, துளையின் அளவுக்குச் சரியாக, மேலே கைப்பிடியும் கீழே பூட்டு வளையமும் உள்ளதாக. முறுக்குக் கம்பித் துண்டைச் செருகிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பாய். அது வளையும், மேலே எகிறும். கூடவே இரண்டு சங்கிலி, இழுவைக் கம்பிக்குக் கீழே குறுக்காக, இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும். ஊசி கழன்றாலும் கம்பி தரையில் குத்தாமல் சங்கிலி மேல் விழும். டிராக்டரில் கீழே இருக்கும் டிராபாரில்தான் (இழுவைப் பட்டை) மாட்ட வேண்டும். உயரம் சரியில்லை என்று மேலே டாப் லிங்க் (கலப்பை போன்றவற்றைப் பிடிக்கும் மேல்கம்பி) மாட்டும் இடத்தில் கோக்காதே. அச்சுக்கு மேலிருந்து இழுத்தால் பெட்டி மாட்டிக்கொண்ட இடத்தில் டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும், ஓட்டுகிறவன் குதிக்கக்கூட நேரம் இருக்காது. பெட்டி மாட்டியிருக்கும்போது டிராக்டரின் இரண்டு பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்டியே வை.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் சுமை எண்ணைப் படி. 74 என்றால் ஒரு டயருக்கு 375 கிலோ, 80 என்றால் 450, 86 என்றால் 530. உனக்குச் சக்கரத்துக்கு 380 கிலோவுக்கு மேல் வருகிறது, அதனால் 74 போதாது. நான்கு இலக்கத் தேதியும் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பக்கவாட்டில் முடி போன்ற வெடிப்பு இருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் விட்டுவிடு. இந்த மெல்லிய டயர் உன் தோப்புக்குச் சரி. மழைக்காலத்தில் வயலுக்குள் இறக்கினால் புதையும். அதற்குத்தான் எண்ணம் என்றால் ஆம்னியை மறந்துவிட்டு 16 அங்குலச் சக்கரத்தோடு பழைய ஜீப் அச்சைத் தேடு.

தரைக்கு இடித்த வீட்டுப் பலகைகள்தான் நல்லது. ஒன்றரை அங்குல வேம்போ தேக்கோ, நடுவில் ஒரு நூலளவு சந்து விட்டு. எரு ஈரம் வடிந்துவிடும், தகரத்தை எரு தின்றுவிடும். கஜாவில் விழுந்த தென்னையில் அறுத்த பலகை மிச்சமிருக்கிறது என்றாயே, அதைப் பக்கத்துக்குப் போட்டுக்கொள், தரைக்கு வேண்டாம், ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். சரக்கு அடுக்கி வரும் பேலட் கட்டை வாங்கினால் முத்திரையில் எச்டி (HT, சூடேற்றிப் பதப்படுத்தியது) என்று இருப்பதை எடு. எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகைபோட்டது, வேண்டாம். பழைய கெமிக்கல் டிரம்மை வெட்டித் தகடாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேஸ் கட்டரோ கிரைண்டரோ அதன் பக்கமே போகக் கூடாது. உள்ளே ஆவி மிச்சமிருந்தால் வெடிக்கும். பின்கதவுக்கு லாரிக் கீல், ரெட் ஆக்சைடு இரண்டு கை, இவற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் சுமைக்குப் பிறகு யூ போல்ட்டையும் சக்கர நட்டையும் திரும்ப இறுக்கு. வாரம் கழித்து இன்னொரு முறை.

ரோடு விஷயம். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், பதிவு இல்லாமல் பொதுச்சாலையில் இழுக்கக் கூடாது. பட்டறையில் செய்ததைப் பதிவு செய்வது எளிதல்ல. இன்ஷூரன்ஸும் இருக்காது. தோப்புக்குள்ளும் உன் சொந்த வண்டிப்பாதையிலும் வைத்துக்கொள். மண்டிக்குக் காய் போக வாடகை வண்டியே பிடி. தோப்புக்குள்ளேயே ஓடினாலும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டிவிடு, மாலையில் பைக்கில் வருகிற பையன்களுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு இரண்டு அளவு அனுப்பு: டிராபார் துளையின் விட்டம், அது தரையிலிருந்து இருக்கும் உயரம். அச்சுக்கு இங்கே உக்கடத்தில் சொல்லி வைக்கிறேன். கிடைத்ததும் கமான் இடைவெளியை அளந்து எழுதுகிறேன். அதுவரை சேனலை வெட்டச் சொல்லாதே.

அன்புடன்,
ராமு